வண்டிக்கூண்டும் பனிக்கூடாரமும்

பொங்கல் முடிந்து ஒரு வாரமாகிறது. போன பதிவு நீளம் என்று சிலர் அன்போடு கடிந்துகொண்டீர்கள். இதுவும் நீளம்தான். டீ குடித்துவிட்டு உட்காருங்கள்.

கனடாவில் மார்க்கம் நகரத்தில் இருக்கும் என் மகள் போன வாரம் வாட்ஸ்அப்பில் இரண்டு படங்கள் அனுப்பினாள். இரண்டிலும் கூடாரம். ஒன்று சிவப்பு, நாலாபுறமும் உப்பிக்கொண்டு நிற்கிறது. இன்னொன்று கறுப்பு, ஒரு பெரிய பிளாஸ்டிக் தொட்டியின் மேல் குடை மடக்கினாற்போல் சாய்ந்து கிடக்கிறது. கீழே ஒரு வரி: "அப்பா, உறைஞ்ச ஏரி மேல உட்கார்ந்து மீன் பிடிக்கறதுக்கு. பிள்ளைங்களக் கூட்டிட்டுப் போகப் போறோம். ரெண்டுல எது வாங்கலாம்?"

மங்களூரில் உட்கார்ந்திருக்கும் என்னிடம் கேட்கிறாள்! (வெளிநாட்டில் இருக்கும் மாணவர்களின் பிள்ளைகளுக்காக ஒரு வார்த்தை: இது கர்நாடகத்து மங்களூர் இல்லை. கடலூர் மாவட்டத்தில், திட்டக்குடி வட்டத்தில் இருக்கிற ஒன்றியத் தலைநகர் மங்களூர். 2008 தொகுதிச் சீரமைப்புக்கு முன்பு சட்டமன்றத் தொகுதியே எங்கள் ஊர்ப் பெயரில்தான் இருந்தது. இப்போது அது திட்டக்குடித் தொகுதி.) இங்கே மார்கழியில் மூடுபனி இறங்கினாலே காதில் மப்ளரைச் சுற்றிக்கொள்கிற ஆள் நான். எனக்குத் தெரிந்த பெரிய ஏரி கீழச்செருவாய் வெலிங்டன் ஏரி ஒன்றுதான். அது வற்றிப் பார்த்திருக்கிறேன், உறைந்து பார்த்ததில்லை.

அந்த ஏரியின் பெயரைப் பற்றி ஒவ்வொரு வருடமும் வகுப்பில் சொல்வேன், நினைவிருக்கிறதா? 1913-ல் வேலை தொடங்கி 1923-ல் முடிந்த ஏரி. 1919 முதல் 1924 வரை சென்னை மாகாண கவர்னராக இருந்த வில்லிங்டன் பிரபுவின் பெயர் அதற்கு. நம் வாயில் அது வெலிங்டனாகிவிட்டது. பரீட்சையில் "நெப்போலியனைத் தோற்கடித்தவர் கட்டிய ஏரி" என்று எழுதியவர்கள் இந்தப் பதிவையும் படிப்பீர்கள். அரை மதிப்பெண் போட்டிருக்கிறேன், மறக்கவில்லை.

சரி, மகள் கேட்டதற்கு வருகிறேன். "எனக்கு என்ன தெரியும், மாப்பிள்ளையைக் கேளு" என்று சொல்லியிருக்கலாம். ஆனால் தூக்கிக்கொண்டு போகும் வீடு என்ற விஷயம் நமக்குப் புதிதில்லை. அதோடு, அந்தப் படத்தைப் பார்த்ததும் அறுபது வருடங்களுக்கு முந்தைய ஓர் இரவு ஞாபகத்துக்கு வந்துவிட்டது. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் சரித்திரம்.

பத்துப்பாட்டில் பெரும்பாணாற்றுப்படை என்று ஒன்று இருப்பது தெரியும். கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியது. அதில் உப்பு விற்கப் போகும் உமணர்களின் வண்டி வரிசை ஒன்று வருகிறது. வண்டியின் மேலே பாயால் வேய்ந்த கூரை. அதன் வாசலில் கோழி அடையும் கூடு. முன்பக்கம் உரல் கட்டித் தொங்குகிறது. ஊறுகாய்ப் பானையைக் கயிற்றால் கட்டி வைத்திருக்கிறார்கள். கைக்குழந்தையோடு ஒரு பெண் மாட்டை ஓட்டிக்கொண்டு வருகிறாள். கோழி, உரல், ஊறுகாய், குழந்தை எல்லாம் சேர்ந்து ஒரு குடும்பமே சக்கரத்தின் மேல் போகிறது. அந்தக் கூண்டுக்குப் புலவர் சொல்லும் உவமை எனக்கு ரொம்பப் பிடித்தது. யானை வராமல் புனம் காக்கிறவர்கள் போட்டுக்கொள்ளும் குடிசை மாதிரி இருக்கிறதாம் வண்டி. வண்டிக்கூண்டுக்கும் காவல் குடிசைக்கும் உள்ள உறவை அவர் அப்போதே பார்த்துவிட்டார். இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கதைக்கு வேண்டும்.

முல்லைப்பாட்டில் வருவது வேறு மாதிரி. அங்கே அரசன் போர்க்களத்துக்குப் போய்ப் பாசறையில் தங்கியிருக்கிறான். கெட்டியான கயிற்றில் திரையை இழுத்துக் கட்டி, உள்ளே இரண்டு அறையாகப் பிரித்த படுக்கையிடம். யவனர்கள் விளக்கேற்றிக் காவல் நிற்கிறார்கள். துணிச்சுவர் வைத்த இரண்டு அறைக் கூடாரம், நம் தமிழில் சங்க காலத்திலேயே வந்துவிட்டது. என் மகள் அனுப்பிய விளம்பரத்திலும் இரண்டு அறைக் கூடாரம் இருந்தது. "தனி அறை வேணாம்மா, யவனர் சம்பளம் யார் குடுக்கறது" என்று பதில் போட்டேன். அவளுக்குப் புரியவில்லை.

அதற்கப்புறம் கூடாரத்துக்கு எத்தனை சொற்கள் பாருங்கள். படைவீடு, பாடி, பாளையம். வடக்கிலிருந்து டேரா வந்தது, முகாம் வந்தது. வெள்ளைக்காரர் காலத்துக் கலெக்டர்கள் வருடத்தில் பல மாதம் மாட்டுவண்டியில் கூடாரத்தை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போய்த் தங்கினார்கள். கூடாரம் போய்விட்டது, கலெக்டரின் 'முகாம்' மட்டும் அரசாங்கக் காகிதத்தில் இன்னும் இருக்கிறது.

அரசனையும் கலெக்டரையும் விடுங்கள். தூக்கிச் செல்லும் வீட்டை நிஜமாகத் தெரிந்தவர்கள் ஆடு மேய்க்கிறவர்கள். அறுவடை முடிந்ததும் ராமநாதபுரம் பக்கத்திலிருந்து நம் பக்கம் கிடை போட வருவார்களே, அவர்களிடம் குடாப்பு என்று ஒன்று இருக்கும். ஓலையாலோ மூங்கில் பிளாச்சாலோ முடைந்து கவிழ்த்து வைத்த பெரிய கூடை. தாய் ஆடுகள் மேய்ச்சலுக்குப் போகும்போது குட்டிகளை அதற்குள் விட்டு மூடிவிடுவார்கள். வெயில் படாது, நரி தொடாது, காற்று மட்டும் இடுக்கு வழியாக வந்து போகும். மறுநாள் கிடை அடுத்த கொல்லைக்கு மாறினால் குடாப்பும் தலைமேல் ஏறி மாறும். பிள்ளைகளுக்கென்றே செய்த கூடாரம் என்றால் எனக்குத் தெரிந்து அதுதான். பின்னலில் இடுக்கு விட்டு முடைந்தார்களே, அது தற்செயல் இல்லை. ஏன் என்று கீழே வருகிறது.

ஈழத்துக் கரையில் வாடி. பருவக்காற்று மாறும்போது மீன் பிடிக்கிறவர்கள் ஒரு கரையை விட்டு மறு கரைக்குப் போய், சில மாதங்களுக்குக் கிடுகால் வேய்ந்த குடிசை போட்டுத் தங்குவார்கள். சிங்களத்திலும் அது வாடிதான். மகளின் பக்கத்து வீட்டுக்காரர் முல்லைத்தீவுக்காரர். அவரிடம் இந்தப் பனிக்கூடாரத்தைக் காட்டியதும், "இது வாடிதானே பிள்ளை" என்றாராம். அவர்தான் இவர்களுக்கு இந்த ஆசையை மூட்டிவிட்டவர்.

இனி அந்த ஊர்க் கதை. டொராண்டோவுக்கு வடக்கே சிம்கோ ஏரி. பரப்பு 720 சதுர கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். நம் வெலிங்டன் ஏரி அதன் ஒரு மூலையில் காணாமல் போய்விடும். அந்த ஏரி கூச்சிசிங் என்ற இன்னொரு ஏரியோடு சேருகிற குறுகலான இடத்தில், தண்ணீருக்கடியில் மரக்குச்சிகள் வரிசையாக நட்டிருப்பதைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். மீனை ஒரு பக்கமாகத் திருப்பி விட்டுப் பிடிப்பதற்கான அடைப்பு. ஏறத்தாழ 5,000 வருடத்துப் பழையது. மஞ்சிகானிங் என்று அந்த மண்ணின் மக்கள் அழைக்கும் அந்த இடத்தை 1982-ல் கனடா தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவித்தது. நாம் வாய்க்காலில் மண்ணை அணைத்து, நடுவில் வழி விட்டுப் பறி வைப்போமே, அதே யோசனைதான்.

பனிக்காலத்தில் என்ன செய்தார்கள்? ஏரி மேலிருந்து கீழாகத்தான் உறையும். தண்ணீர் 4 டிகிரியில்தான் அதிக கனம். அதனால் அது அடியில் தங்கிவிடும், அதைவிடக் குளிர்ந்தது மேலே வந்து உறைந்து மூடி போட்டுக்கொள்ளும். அடியில் மீன் உயிரோடு இருக்கும். (அறிவியல் ஆசிரியர்கள் மன்னிக்க, உங்கள் பாடத்தில் கை வைத்துவிட்டேன்.) ஒஜிப்வே முதலிய பழங்குடி மக்கள் பனியில் துளை போட்டு, அதன் மேல் நாலு கொம்பை வளைத்துக் கட்டி, தோலோ கம்பளியோ போர்த்தி, உள்ளே குப்புறப் படுத்துக்கொண்டு ஈட்டியோடு காத்திருந்தார்கள். மரத்தில் செதுக்கிய பொய்மீனைக் கயிற்றில் ஆட்டிப் பெரிய மீனை வரவழைப்பார்கள். அந்தக் கூடாரம் குளிருக்காக மட்டும் இல்லை, இருட்டுக்காக. வெளியே வெள்ளை வெளேரென்று பனி. உள்ளே இருட்டு. அப்போது துளையின் வழியே பார்த்தால் தண்ணீர் விளக்குப் போட்டது போல் தெரியும். பகலில் இருட்டு அறையிலிருந்து ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்க்கிற மாதிரி. இன்றைக்கு விற்கிற பனிக்கூடாரத்தின் உட்புறம் பெரும்பாலும் கறுப்பாக இருப்பதற்கு இந்தப் பழைய காரணம் உண்டு.

பின்னால் வந்து குடியேறியவர்கள் பலகை வீடு கட்டினார்கள். அடியில் சறுக்குக் கட்டை வைத்து, குதிரை பூட்டிப் பனிமேல் இழுத்துப் போவது. உள்ளே இரும்பு அடுப்பு. வசதிதான், ஆனால் ஓர் இடத்தில் வைத்தால் வைத்ததுதான். மீன் வேறு பக்கம் போய்விட்டால் மனுஷன் வீட்டுக்குள் உட்கார்ந்து பஜனை பாட வேண்டியதுதான். அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்து டேவ் ஜென்ஸ் என்ற மீன்பிடிக்காரருக்கு இது பொறுக்கவில்லை. 1980-களில் அவர் 'ஃபிஷ் டிராப்' என்று ஒன்றைக் கொண்டுவந்தார். இழுத்துப் போகும் தொட்டியிலேயே இருக்கை, அதன் பின்னால் மடங்கிக் கிடக்கும் துணிக்கூரை. மீன் இருக்கும் இடத்துக்கு வந்ததும் உட்கார்ந்து தலைக்கு மேல் கவிழ்த்துக்கொண்டால் போதும். மீன் இல்லையா, பின்னால் தள்ளிவிட்டு அடுத்த துளைக்கு இழுத்துக்கொண்டு போகலாம். மகள் அனுப்பிய கறுப்புப் படம் அந்த வம்சம். நம் பிள்ளைகளுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், மழைக்குச் சாக்கை மடித்துத் தலையில் கொங்காணி போட்டுக்கொள்வோமே, அதற்குச் சக்கரமில்லாத வண்டி வைத்தது.

சிவப்புப் படம் இன்னொரு வம்சம். ஒவ்வொரு சுவரின் நடுவிலும் ஒரு குமிழ். அதிலிருந்து நாலு குச்சிகள் மூலைகளுக்குப் போகின்றன. குமிழைப் பிடித்து வெளியே இழுத்தால் சுவர் படக்கென்று உப்பி நிற்கும். தரை கிடையாது, இருக்கை கிடையாது. உள்ளே நின்று நடக்கலாம்.

எது நல்லது என்று மூன்று நாள் யோசித்தேன். மகள் அனுப்பியதையெல்லாம் படித்தேன், பக்கத்து வீட்டு முல்லைத்தீவுக்காரரோடு வீடியோவில் ஒரு மணி நேரம் பேசினேன். என் முடிவு சிவப்பு.

காரணம் பிள்ளைகள். கறுப்பு, தனி ஆளுக்கும் ஜோடிக்கும் ஏற்றது. மீனைத் துரத்திக்கொண்டு போகிறவனுடையது. ஆறு வயதுப் பேத்தியும் ஒன்பது வயதுப் பேரனும் மீனையா துரத்தப் போகிறார்கள்? பத்து நிமிஷம் தூண்டிலைப் பார்ப்பார்கள். அப்புறம் பசி, அப்புறம் ஒண்ணுக்கு, அப்புறம் சண்டை. அவர்களுக்கு எழுந்து நிற்க இடம் வேண்டும், ஈரமான கையுறையைக் கழற்றிக் காயப்போட இடம் வேண்டும், ஒருவர் தூங்கினால் படுக்கவைக்க ஒரு மூலை வேண்டும். நான் 34 வருடம் பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப்போனவன். எந்த இடத்தைப் பார்த்தோம் என்பதைவிட எங்கே உட்கார்ந்து புளிச்சோறு சாப்பிட்டோம் என்பதுதான் அவர்களுக்கு ஞாபகம் இருக்கும்.

அளவு பற்றி ஒரு கணக்கு. ஒன்டாரியோ மாகாணத்தில் பனி மேல் வைக்கும் குடிலை அரசாங்கத்தில் பதிவு செய்து எண் எழுதி ஒட்ட வேண்டும். ஆனால் துணிக்கூடாரமாக இருந்து அடிப்பரப்பு 7 சதுர மீட்டருக்குள் இருந்தால் பதிவு வேண்டாம். 7 சதுர மீட்டர் என்பது சுமார் 75 சதுர அடி. எட்டடிக்கு எட்டடி என்றால் 64, தப்பித்தது. ஒன்பதடிக்கு ஒன்பதடி என்றால் 81, மாட்டிக்கொண்டது. நால்வருக்கு எட்டடி போதும். நாம் எட்டுக்கு எட்டு அறையில் எட்டுப் பேர் படுத்து வளர்ந்தவர்கள்.

துணி ஒற்றையாக இருக்கக் கூடாது. நடுவில் பஞ்சு வைத்துத் தைத்த ரஜாய் போன்ற துணி வேண்டும். ஒற்றைத் துணியில் மூச்சுக்காற்றின் ஈரம் உள்பக்கம் படிந்து, உறைந்து, கொஞ்சம் சூடு ஏறியதும் தலையில் சொட்டும். நனைந்த பிள்ளையைக் குளிரில் வைத்திருக்கக் கூடாது என்பதற்கு ஒன்டாரியோவுக்குப் போக வேண்டியதில்லை, எந்த ஆயாவும் சொல்வாள். வெளிப்புறம் பளிச்சென்ற நிறமும் மின்னும் பட்டையும் வேண்டும். சாயங்காலம் ஏரிமேல் பனிவண்டிகள் ஓடும், அவர்கள் கண்ணில் பட வேண்டும். உள்ளே முழுக்கக் கறுப்பாக இருந்தால் பேத்தி பயப்படுவாள். ஆகவே திறந்து மூடும் ஜன்னல் நாலு புறமும்.

இந்த வகையின் பெரிய குறை காற்று. உப்பி நிற்கிற பொருள், கட்டுவதற்கு முன் காற்று வந்தால் பட்டமாகப் போய்விடும். பனியில் முளைக்குப் பதில் திருகாணி இறக்குகிறார்கள். காற்று வரும் பக்கத்து மூலையை முதலில் திருகிவிட்டுத்தான் மற்ற சுவரை இழுக்க வேண்டும் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். எல்லாம் திருகி முடிகிறவரை பிள்ளைகள் காரிலேயே இருக்கட்டும் என்பது நான் சேர்த்தது.

துளையைப் பற்றியும் கேட்டேன். ஆறிலிருந்து எட்டு அங்குல அகலம். பெரியவர் விழ முடியாது, சின்னப் பிள்ளையின் கால் முழங்கால் வரை போகும். பயன்படுத்தாத துளையின் மேல் வாளியைக் கவிழ்த்து வையுங்கள் என்றேன். கிணற்று மேட்டில் குழந்தையை விடாத ஊர்க்காரன் புத்தி.

பனிக்கட்டியின் கனம் எல்லாவற்றுக்கும் முன்னால் பார்க்க வேண்டியது. தெளிந்த நீல நிறப் பனி நாலு அங்குலமாவது இருந்தால்தான் ஆள் நடக்கலாம் என்பது அங்கே பொதுவான கணக்கு. பால்போல் வெளுத்த பனிக்கு பலம் பாதிதான், அதற்கு இரட்டைக் கனம் வேண்டும். தண்ணீர் ஓடும் குறுகலான இடத்தில், அந்த 5,000 வருடத்து மீன் அடைப்பு இருக்கும் மாதிரியான இடத்தில், பனி மெல்லியதாக இருக்கும், கிட்டேயே போகக் கூடாது. சிம்கோ கரையில் ஜார்ஜினா, இன்னிஸ்ஃபில் போன்ற ஊர்களில் குடிலை நாள் வாடகைக்கு விட்டு, தாங்களே ஏரிமேல் கொண்டுபோய் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். முதல் வருடம் அவர்களிடம் வாடகைக்குப் போங்கள், பிள்ளைகளுக்குப் பிடித்திருந்தால் கூடாரம் வாங்குங்கள் என்றேன். மகளுக்கு இது பிடிக்கவில்லை. தள்ளுபடி முடிந்துவிடுமாம்.

இப்போது அந்த இரவு.

கூடாரத்தோடு ஒரு கேஸ் ஹீட்டரும் சேர்த்து வாங்குவதாக மாப்பிள்ளை சொன்னார். "மாமா, உள்ள வச்சு ஜிப்பைப் போட்டுட்டா வீடு மாதிரி கதகதன்னு இருக்கும்." அவர் சொன்ன அந்த வார்த்தை என்னைத் தூங்கவிடவில்லை.

1963 மார்கழி. எனக்குப் பன்னிரண்டு வயது, தம்பிக்கு எட்டு. எங்கள் சோளக் கொல்லையில் கதிர் முற்றி நின்றது. ராத்திரியில் பன்றி வரும். எங்கள் வீட்டில் கூண்டு வண்டி ஒன்று இருந்தது. மூங்கில் பிளாச்சு வளைத்துப் பின்னி, உள்பக்கம் பாய் வைத்த கூண்டு. காவல் காலத்தில் அப்பா அந்தக் கூண்டை மட்டும் வண்டியிலிருந்து கழற்றி, இரண்டு பேராகத் தூக்கிக்கொண்டு போய்க் கொல்லை மேட்டில் வைத்துவிடுவார். அடியில் வைக்கோல் பரப்பினால் காவல் குடிசை. கடியலூர் உருத்திரங்கண்ணனாரை நான் படித்தபோது சிரித்துக்கொண்டதற்குக் காரணம் இதுதான். அவர் வண்டியைப் பார்த்துக் காவல் குடிசை என்றார். எங்கள் அப்பா வண்டியையே காவல் குடிசை ஆக்கினார்.

அன்றைக்கு அப்பாவுக்குக் காய்ச்சல். நான் போகிறேன் என்றேன். தம்பியும் அழுது பிடித்துக்கொண்டு வந்தான். நல்ல குளிர். ஆயா ஓர் உடைந்த பானை ஓட்டில் கருவேலங்கரித் தணல் போட்டுக் கொடுத்து, "வாசல்ல வச்சுக்கிட்டு கையக் காட்டுங்கடா" என்றாள். வாசலில்தான் வைத்தோம். நடு ஜாமத்தில் காற்று ஊசியாகக் குத்தியது. எனக்கு ஒரு புத்தி தோன்றியது. பானை ஓட்டை உள்ளே இழுத்தேன். கூண்டின் முன்பக்கம் ஒரு சாக்கு, பின்பக்கம் ஒரு சாக்கு, ஓரமெல்லாம் வைக்கோல் திணித்து அடைத்தேன். கொஞ்ச நேரத்தில் கதகதவென்று ஆகிவிட்டது. புகை இல்லை, வாடை இல்லை. தம்பி என் மேல் கால் போட்டுக்கொண்டு தூங்கினான். எனக்குப் பெருமையாக இருந்தது.

பன்றி வந்தது. கதிர் முறிகிற சத்தம் கேட்டுத் தகரத்தை எடுத்துக்கொண்டு எழுந்தேன். கால் நிற்கவில்லை. தலை இரண்டாகப் பிளக்கிற மாதிரி வலி. சாக்கைத் தள்ளிக்கொண்டு வெளியே விழுந்தேன். எவ்வளவு நேரம் கிடந்தேனோ தெரியாது. குளிர்ந்த காற்று பட்டுக் கண் திறந்ததும், "டேய், பன்னிடா" என்று கத்தினேன். தம்பி எழவில்லை. காலைப் பிடித்து இழுத்தேன். அவன் தலை வைக்கோலில் துவண்டுகொண்டே வந்தது. எழுப்பினேன், அடித்தேன், தண்ணீர் ஊற்றினேன். அடுத்த கொல்லையில் காவலிருந்த பெரியப்பா முறையுள்ள ஒருவர் என் அலறல் கேட்டு ஓடிவந்து அவனைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினார். பாதி வழியில் அவர் முதுகிலேயே தம்பி வாந்தி எடுத்தான். அந்த வாந்திச் சத்தத்தைப் போல ஒரு நல்ல சத்தத்தை நான் அதற்குப் பிறகு கேட்டதில்லை.

ஊரில் காத்துக் கருப்பு என்றார்கள். வேப்பிலை அடித்தார்கள், தாயத்து கட்டினார்கள். ஓட்டை உள்ளே இழுத்ததை நான் யாரிடமும் சொல்லவில்லை. என்ன நடந்தது என்று எனக்கும் தெரியாது. ஏதோ தப்பு என்று மட்டும் தெரியும்.

வேலைக்குச் சேர்ந்து பல வருடம் கழித்து, ஆசிரியர் அறையில் ஒரு அறிவியல் ஆசிரியரிடம் பேச்சுவாக்கில் சொன்னேன். அவர் சாக்பீஸை எடுத்து மேஜை மேலேயே எழுதிக் காட்டினார். காற்று போதாமல் எரிகிற கரி, கார்பன் மோனாக்சைடு என்ற வாயுவை விடும். நிறமில்லை, மணமில்லை. ரத்தத்தில் ஆக்சிஜனைத் தூக்கிப் போகும் பொருளை அது ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் பலமாகப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் ஆக்சிஜனுக்கு இடமில்லை. ஹால்டேன் என்ற ஸ்காட்லாந்து விஞ்ஞானி 1890-களில், சுரங்க விபத்தில் இறந்தவர்களில் பலர் வெடிப்பால் சாகவில்லை, இந்த வாயுவால்தான் செத்தார்கள் என்று கண்டுபிடித்தார். அதற்குப் பிறகுதான் சுரங்கத்துக்குள் சின்னக் கானரிக் குருவியைக் கூண்டில் எடுத்துப்போகும் வழக்கம் பரவியது. குருவி முதலில் மயங்கும், மனிதன் ஓடித் தப்பிக்கலாம். பிரிட்டனில் 1986 வரை இது இருந்தது. அவர் சொல்லி முடித்ததும் எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: அன்றைக்கு அந்தக் கூண்டில் குருவி என் தம்பி.

பன்றி வராமலிருந்தால் இந்தப் பதிவை எழுத ஆள் இல்லை.

கரி அடுப்பு, மண்ணெண்ணெய் அடுப்பு, கேஸ் ஹீட்டர் எதுவாக இருந்தாலும், எரிகிற பொருளை அடைத்த இடத்தில் வைத்தால் கதை ஒன்றுதான். பஞ்சு வைத்த நல்ல கூடாரம் காற்றை இன்னும் நன்றாக அடைக்கும். விலை கூடினால் ஆபத்தும் கூடும். ஆகவே மாப்பிள்ளைக்கு நான் எழுதியது இது. கூடாரத்தில் மேலே ஒரு காற்றுத் துவாரமும் கீழே ஒன்றும், இரண்டும், மூட முடியாதபடி இருக்கட்டும். ஹீட்டர் எரிகிற வரை இரண்டும் திறந்தே இருக்க வேண்டும், பிள்ளைகள் குளிருது என்றாலும் சரி. ஓரமெல்லாம் பனியை அள்ளிப் போட்டு அடைக்காதீர்கள், நான் வைக்கோல் திணித்தது அதேதான். பேட்டரியில் ஓடும் வாயு எச்சரிக்கைக் கருவி ஒன்று வாங்கி, பிள்ளைகள் உட்காரும் உயரத்தில் தொங்கவிடுங்கள். ஹீட்டர் எரியும்போது யாரும் தூங்கக் கூடாது. தலை வலிக்கிறது என்று பிள்ளை சொன்னால் மாத்திரை தேடாதீர்கள், வெளியே தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

மாப்பிள்ளை ஒரு கட்டைவிரல் படம் மட்டும் அனுப்பினார். எனக்கு அது போதவில்லை. அன்று ராத்திரி மகளுக்குப் போன் போட்டு 1963-ஐ முழுக்கச் சொன்னேன். அவள் ரொம்ப நேரம் பேசவில்லை. "இத்தனை வருஷம் சித்தப்பா ஏன் எங்கிட்ட சொல்லல?" என்றாள். சித்தப்பாவுக்கே தெரியாது என்றேன்.

அதனால் இதை இங்கே எழுதுவதற்கு முன் தம்பி வீட்டுக்குப் போனேன். அவனும் இப்போது தாத்தா. விருத்தாசலத்தில் பீங்கான் வேலையில் சூளைக்கு முன்னால் காலமெல்லாம் நின்றவன், நெருப்பைப் பற்றி என்னைவிட அதிகம் தெரிந்தவன். திண்ணையில் உட்கார்ந்து, அறுபது வருடம் கழித்து, ஓட்டை உள்ளே இழுத்தது நான்தான் என்று சொன்னேன். வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டான். "அப்ப எனக்குக் கட்டுன தாயத்து?" என்றான். "தண்டம்தான்" என்றேன். "அதை உனக்கில்ல கட்டியிருக்கணும்" என்று சொல்லிவிட்டு, பேஸ்புக்கில் எழுதிக்கொள் என்று அனுமதி கொடுத்தான்.

கடைசியில் அவர்கள் முதலில் வாடகைக் குடிலுக்குத்தான் போனார்கள். தள்ளுபடி போய்விட்டது, பரவாயில்லை. கனடாவில் பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு ஒன்டாரியோவில் மீன்பிடி உரிமம் தேவையில்லை என்பதால் பேரனும் பேத்தியும் ஆளுக்கு ஒரு தூண்டில். பேத்திக்கு ஒரு மஞ்சள் பெர்ச் மாட்டியது, நம் ஊர்க் கெண்டைக் குஞ்சு அளவு. அதைக் கையில் பிடிக்கப் பயந்து, வாளியில் போட்டு, வாளியோடு படம் எடுத்து அனுப்பியிருக்கிறாள். சிவப்புக் கூடாரத்தை அடுத்த மாதம் வாங்குவார்களாம்.

அந்தப் படத்தைத் தம்பிக்குக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மீனைப் பார்ப்பான் என்று நினைத்தேன். இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கிப் பேத்தியின் தலைக்குப் பின்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தான். "இந்த ஜன்னல் தெறந்திருக்கா, சாத்தியிருக்கா? எனக்குச் சரியாத் தெரியல. புள்ளையக் கேளு" என்றான்.

கேட்டேன். திறந்திருந்ததாம்.